வாசித்தால்தான் ஒப்பம்

கூரியர்க்காரர் நீட்டிய பேனாவை வாங்காமல் கஜலட்சுமி கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "என்ன எழுதியிருக்குனு வாசிச்சுக் காட்டுங்க தம்பி. பொறகு ஒப்பம் வெக்கிறேன்." வந்திருப்பதோ பன்னிரண்டு நூல்கட்டை! குண்டசாலையில் பக்கத்து வீட்டுக்காரியான எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். அவர் அசையமாட்டார்.

வயது முப்பத்து நான்கு. சட்டை தைத்துப் பிழைக்கிறார். காலர் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிடுவார். வாயில் குண்டூசி இருந்தாலும் பேச்சு ஓயாது.

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒன்பது வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். அடி வாங்கி வாங்கியே சிங்களம் பேசப் பழகினார். எழுத்தை யாரும் காட்டித் தரவில்லை. பிற்பாடு, கட்டியவன் கொடுத்த பையோடு பஸ் ஏறினார். பைக்குள் போதைத்தூள். பொலிஸில் சிங்களத்தில் எழுதி நீட்டிய வாக்குமூலத்தில் ஒப்பம் வைத்தார். பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே கொண்டுபோனதாக அதில் எழுதியிருந்ததாம். மூன்று வருடம் மறியலில், கம்பிக்குள்.

"வெச்சா வீட்டுக்குப் போகலாம்னாங்க. புள்ள ஸ்கூல் விட்டு வந்துருமேனு வெச்சுத் தொலைச்சேன்." இதைச் சொல்லும்போது மட்டும் மெஷின் நிற்கும்.

அந்தப் பிள்ளை துஷானி சிறுவர் இல்லத்தில் வளர்ந்தாள். போன செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிவர நன்னடத்தை அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். கஜலட்சுமியின் மடியில் புதுச் செருப்புப் பெட்டி.

மேசையில் சிங்களக் கடதாசி. "கையெழுத்துப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிப்போங்கள்" என்று அலுவலர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். இரண்டடி தள்ளி, உடுப்புப் பையோடு மகள் நிற்கிறாள். "வையுங்களேன்!" என்று நானே கெஞ்சிவிட்டேன். கஜலட்சுமி எழுந்து நின்றார். பேனாவைத் தொடவில்லை.

"வாசிங்க."

அலுவலர் முகம் சுளித்தார். இல்லத்தில் சிங்களம் படித்த துஷானி முன்னால் வந்து, விரலை ஓட்டி வரிவரியாகத் தமிழில் சொன்னாள். நாலாம் வரியில் விரல் நின்றது.

"அம்மா... நான் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்க உங்களுக்குச் சம்மதம்னு போட்டிருக்கு."

அலுவலர் பதறிப்போய்க் கடதாசியைப் பிடுங்கிப் பார்த்தார். படிவம் மாறிப்போயிருந்தது. நாளைக்கு வரச் சொன்னார்.

"சரியானத எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்."

கஜலட்சுமி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மகளின் தேய்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு, புதியதை மாட்டி, வாரை இறுக்கினார்.