கத்திவாக்கத்தில் எல்லாருக்கும் முதல் பரிசு

ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்களுக்கு ரீசார்ஜ் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, "இது நெசமா பாரு" என்று நீட்டப்படும் போன்களைப் பார்ப்பது. கத்திவாக்கம் மீன் மார்க்கெட் பக்கத்தில், கூல்டிரிங்ஸும் சேர்த்து விற்கும் என் கடையில் நடந்தவை இவை. இதே தொழிலில் அல்லாடும் உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஒரே ஸ்கூட்டர்

மீன் விற்கும் மூன்று அக்காக்கள் ஒன்றாக வந்தார்கள். ஃபேஸ்புக்கில் மூன்று பேருக்கும் ஸ்கூட்டர் பரிசாம். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போன வாரம்தான் ஆரம்பித்திருந்தார்கள். யாரும் கேள்வி கேட்க முடியாதபடி கமெண்டையும் மூடி வைத்திருந்தார்கள். மூன்று போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் அதே சேதி, அதே முதல் பரிசு. எல்லாரையும் விட அதிகம் சிரித்தவர் தேசம்மா அக்காதான். "அடியே, ஒரே வண்டில மூணு பேரு குந்திகினு போனா போலீசு புடிக்கமாட்டான்?"

போட்டுக்கு அட்வான்ஸ்

அடுத்த மாதம் அதே தேசம்மா அக்கா தனியாக வந்தார். இந்த முறை ஃபிரிட்ஜ். கொண்டுவரும் வண்டிக்கு முதலில் பணம் அனுப்ப வேண்டுமாம். காதில் கம்மல் இல்லை. அடகுக் கடைக்குப் போக முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

"இதுவும் பொய்க்கா" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடலுக்கே போவாத போட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு, மீனு வரும்னு காத்துகினு கீறோம். இதுக்கு மட்டும் இன்னா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். எங்கள் பக்கம் மீன் வியாபாரமே அப்படித்தான், படகு கிளம்பும் முன்பே பணம்.

"போட்டுக்காரரு யாருன்னு தெரியாமயா குடுப்பே?" என்றேன்.

"தெரியாம எப்டி? அவங்க வூட்டுக் கல்யாணத்துக்கு மொய் வெச்சிகீறேன்."

"இவங்க வூட்டுக் கல்யாணத்துக்கு?"

அக்கா முடிச்சை அவிழ்த்துக் கம்மலை எடுத்து மாட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கம்மல் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "ஸ்கூட்டருன்னா சிரிச்சேன் தங்கச்சி. ஃபிரிட்ஜுன்னதும் சிரிப்பு வரல."

சோடாவுக்குப் பக்கத்தில்

ஏன் ஃபிரிட்ஜ் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனுக்குச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இன்சுலினை மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம்தான். அடிக்கடி போய்க் கதவைத் தட்ட அண்ணனுக்குக் கூச்சம்.

கடைக்கு வர யாருக்குக் கூச்சம்? பிரிக்காத மருந்தையெல்லாம் என் கடை ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் தடவை மருந்து எடுக்க வந்த அண்ணன், மீன் வாசம் இல்லாத டப்பாவை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராவெல்லாம் உங்கக்கா, ஐஸு கரைஞ்சிட்ச்சா, மருந்து கெட்டுப்போச்சான்னு பொட்டியத் தொறந்து தொறந்து பாத்துகினே இருப்பாம்மா. இப்பதான் தூங்கறா."

இத்தனை பொய்ப் பரிசுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது சோடா அடுக்க இடமில்லாத ஒரு ஃபிரிட்ஜ்தான், ஏனென்றால் இப்போது அக்காவின் தோழிகளும் மருந்து டப்பாவோடு வருகிறார்கள்.