டின்பால் குடித்த அணில்

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருடம். பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மருந்துசாலையில் எனக்கு வேலை. நோயாளிகளைப் பார்த்து மருந்து கலந்து கொடுப்பேன். பெரிய டாக்டர் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் நிழல் மரத்தில் கிளை கழித்த அன்று, கூட்டோடு ஓர் அணில் குட்டி விழுந்தது. கண் திறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். தாயைக் காணோம். என் மனைவி கல்யாணமாகித் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், குட்டியை முந்தானையில் ஏந்திக்கொண்டு மருந்துசாலைக்கே ஓடி வந்துவிட்டாள்.

“இது பொழைக்குமாங்க?”

“என்கிட்ட கொண்டாந்துட்டல்ல, பொழைக்கும்” என்றேன்.

பிழைக்கவும் செய்தது. டின்பாலைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் நனைத்து ஊட்டினோம். பல் முளைத்ததும் பாலில் ஊறிய பிஸ்கோத்து, சீனி தொட்ட பாண் ரொட்டி, வறுத்த கடலை. பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் முதலாளி ஒருவரின் கடையில் தேடிப் பார்த்து நல்ல பிஸ்கோத்தாக வாங்கி வருவேன். மனைவி ஒருநாள் கொய்யாத் துண்டு ஒன்றை நீட்டினாள். சளி பிடிக்கும் என்று நான் தடுத்துவிட்டேன். பனியும் வெயிலும் படக்கூடாதென்று அணிலின் பெட்டியை அடுப்படியிலேயே வைத்திருந்தோம். இரண்டு மாதத்தில் அணில் கொழுகொழுவென்று உருண்டு திரண்டது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். அணில் முன்னங்கால்களால் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் துணிபோல் பின்னால் இழுபட்டன.

எனக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். தைலம் தடவினேன். இன்னும் கொஞ்சம் டின்பால் சேர்த்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. வேளைக்கு ஒரு தடவை அதன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம், அட்டை கடித்துப் புண்ணான காலுக்கு மருந்து கட்ட, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். பார்வையிலேயே இருக்கட்டும் என்று மேசையோரம் நான் கொண்டுவந்து வைத்திருந்த அணில் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“ஐயா, இது என்னங்க திங்குது?”

நான் ஒவ்வொன்றாகப் பெருமையோடு சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“எங்க லயத்துக்கு மேல நூறு அணிலு ஓடுது. ஒண்ணுகூட பிஸ்கோத்து தின்னு நான் பாக்கலீங்களே. வெயில்லயே விளையாடுது, கண்டதக் கொறிக்குது. ஒருக்கா வந்து பாருங்களேன்.”

எனக்குச் சுருக்கென்றது. புண்ணில் துணியை இறுக்கிக் கட்டி அவளை அனுப்பிவிட்டேன். ஆனால் அணிலைப் பார்க்க வந்த மனைவி அதைக் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், “கெளம்புங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றாள்.

தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தைத் தாண்டிக் காட்டோரம் ஏறி, ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தோம். முதலில் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஓர் அணில் அத்திக்காயைக் கடித்தது. ஒன்று இளந்தளிரை மென்றது. இன்னொன்று மரப்பட்டையைப் பெயர்த்து உள்ளேயிருந்த புழுவை எடுத்துத் தின்றது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “அங்க பாருங்க, அங்க” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

திடீரென்று அவள் குரலைத் தாழ்த்தினாள். “அது கல்லையா திங்குது?”

எதிர்க்கரையில் ஓர் அணில் வெள்ளையாக எதையோ கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தது. ஓடையில் இறங்கி அக்கரைக்கு ஓடினேன். மரை மான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பு. அதன் முனையெங்கும் உளி போட்டாற்போல் பல் தடங்கள்.

கொம்பிலும் எலும்பிலும் இருப்பது சுண்ணாம்புச் சத்து. லயத்தில் எலும்பு வலுவில்லாமல் கால் வளைந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். நானே என் கையால் அவர்களுக்கு மீன் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். அதே நோய் என் அடுப்படியில் கிடந்தது, எனக்குத் தெரியவில்லை. கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன். மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

பிஸ்கோத்து டின்னை மூடினோம். கொய்யா, அத்திக்காய், தளிர், தினம் ஒரு சொட்டு மீன் எண்ணெய், பெட்டிக்குள் ஒரு துண்டுக் கொம்பு, முற்றத்து வெயில். அந்தப் பெண்ணைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அதிலிருந்து அவள் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மடியில் காட்டுக் காய்களைக் கட்டிக்கொண்டு வந்தாள். என் மனைவியும் அவளும் முற்றத்தில் உட்கார்ந்து பேசுவது வழக்கமாகிவிட்டது.

பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை. இடையில் வந்த பெரிய டாக்டரும் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பிந்திவிட்டோம் என்றே நினைத்தேன். பதினைந்தாம் நாள் ஒரு பின்னங்கால் தரையில் ஊன்றியது. ஒரு மாதத்தில் கதவுத் திரையில் பாதி உயரம் ஏறியது.

பெரிய டாக்டர் மறுபடி வந்த அன்று மருந்துசாலை நிறையக் கூட்டம். அணில் எங்கிருந்தோ பாய்ந்து, மருந்து அலமாரியில் ஏறி, ஒரு போத்தலைத் தட்டிவிட்டு, டாக்டரின் தோளில் குதித்து ஜன்னலுக்குத் தாவியது. நான் அதைப் பிடிக்க ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். போன தடவை இழுத்துக்கொண்டு கிடந்ததே, என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார்.

வரிசையில் அந்தப் பெண்ணும் நின்றிருந்தாள். ஒரு கணம் நான் தயங்கியது உண்மை. பிறகு அவளைக் கைகாட்டினேன். “நான் கொடுத்த மருந்து எதுவும் கேக்கலீங்க. வழி சொன்னது இவங்கதான்.”

அவள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். “நான் என்னங்க செஞ்சேன், பாத்தத சொன்னேன்” என்றாள்.

மறுவாரம் அணில் தானாகவே மரமேறிப் போனது. மனைவி அழவில்லை. கை தட்டிச் சிரித்தாள். எனக்கோ அதற்குப் பிறகு எந்த நோயாளியின் முன்னால் உட்கார்ந்தாலும் அந்தப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. பிரியத்தோடு வயிறு நிறைய ஊட்டிக்கொண்டே ஓர் உயிரைப் பட்டினி போட முடியும் என்பதை நான் என் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவன்.