‘சோதிச்சனீங்களோ?’ என்று கேட்டவர்

ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் ஒரு பழைய வீட்டின் கூரைக்குள் படுத்தபடி கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கை ஓய்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். சிவமலரின் மகள் ஆங்கிலத்தில் இரண்டே வரி அனுப்பியிருந்தாள். அம்மா இன்று காலை போய்விட்டார். அங்கிளுக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னார். இறங்கி வந்து ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, பெரிய அலுப்புத்தான் வந்தது. பிறகு மறுபடியும் ஏறி மிச்சக் கேபிளை இழுத்து முடித்தேன். அந்த வீட்டுக்காரர்கள் மாலையில் திரும்பி வரவேண்டியிருந்தது.

ஆக்லாந்துத் தமிழர்களான உங்களில் பலருக்குச் சிவமலரைத் தெரியும். பெயர் தெரியாதவர்களும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க வரும் யாழ்ப்பாணத்து அம்மா என்றால் புரிந்துகொள்வீர்கள். இங்கே ஒரு வீட்டுக்கு மெயின் கேபிள் மாற்றினால், வேலை செய்த எலக்ட்ரீஷியனின் சொல் மட்டும் போதாது. அந்த வேலையில் கை வைக்காத இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும். கொழும்பில் மின் பொறியியலாளராக இருந்தவர் சிவமலர். இங்கே வந்து பரீட்சைகளை முதலிலிருந்து எழுதி அந்த உரிமத்தை வாங்கினார். நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன், அவரைவிட ஏழு வயது மூத்தவன். என்னை ‘அண்ணை’ என்பார்.

அவரை முதலில் அழைத்தது கிளென்ஃபீல்டில் ஒரு வீட்டுக்கு. வீட்டுக்காரம்மா தேநீர் கொண்டுவந்து நீட்டினார். “கையெழுத்துப் போட்ட பிறகு குடிக்கிறன். இப்ப குடிச்சா, பிறகு வேலை சரியில்லை எண்டு சொல்ல எனக்குக் கஷ்டம்” என்றார் சிவமலர். போர்டில் ஒவ்வொரு கம்பியையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். “என்ன மலர், என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று அவருக்கு அது நான்காவது வீடு. “நம்புறதெண்டா நான் எதுக்கு அண்ணை? நீங்களே நம்பிக்கொண்டிருக்கலாமே” என்றார். கடைசியில் ஆறிப்போன தேநீரைத்தான் குடித்தார்.

சான்ட்ரிங்ஹாம் வீட்டைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. கைக்குழந்தையோடு இருந்த ஓர் இளம் தம்பதி வாங்கிய வீடு. மெயின் கேபிளையும் போர்டையும் நான் மாற்றியிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. மாலைக்குள் மின்சாரம் வந்துவிடும் என்று நம்பி அவர்கள் சாமான்களை வேனில் ஏற்றிவிட்டார்கள். மழையில் நனைந்து வந்த சிவமலர் நான் எழுதிக் கொடுத்த சோதனைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்டைச் சோதித்தார்.

“துருவம் சரி எண்டு எழுதியிருக்கிறியள். சோதிச்சனீங்களோ?”

“ஆமா.”

“எப்ப?”

“காலைல.”

தன் சோதனைக் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் இடம் மாறியிருந்தன. இங்கே நியூட்ரலைப் போர்டிலேயே எர்த்தோடு இணைத்துவிடுவார்கள். அப்படியே மின்சாரம் விட்டிருந்தால் வாஷிங் மெஷினின் உடம்பு, சமையலறைக் குழாய் என்று எர்த்தோடு இணைந்த உலோகம் முழுவதிலும் அது ஏறியிருக்கும். பிரேக்கர் விழுந்து காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. காலையில் நான் எதையும் சோதிக்கவில்லை. அந்த வாரம் ஒரு நாளும் ஓய்வில்லை. பழக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ போட்டுவிட்டேன்.

“இப்பவே மாத்திடுறேன் மலர். பத்து நிமிஷ வேலை. மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடாதீங்க.”

“மாத்துங்கோ. நான் நிண்டு திரும்பச் சோதிக்கிறன். அந்தப் பிள்ளையள் இண்டைக்கே வரட்டும். ஆனா நான் எழுதத்தான் வேணும் அண்ணை. கம்பி மாறினதுக்கு இல்லை, அது ஆருக்கும் நடக்கும். பாக்காமல் பாத்தன் எண்டு எழுதினதுக்கு.”

சொன்னபடியே செய்தார். நான் மாற்றி முடிக்கும்வரை நின்றார். எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். கையெழுத்திட்டார். குழந்தை உள்ளே வந்தபோது வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் அவருடைய அறிக்கை உரிமம் தரும் அலுவலகத்துக்குப் போனது. என்னை அழைத்து விசாரித்தார்கள். பல மாதங்கள் இன்னொருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். இருபது வருடமாக எலக்ட்ரீஷியனாக இருந்த என் வேலையை, என் மகன் வயதுள்ள ஒருவன் பின்னால் நின்று பார்த்தான்.

அதன் பிறகு நான் செய்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஏனென்றால் உங்களிடம்தான் பேசினேன். ஒரு தமிழரே தமிழரைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று கல்யாண வீட்டிலும் கோயில் சாப்பாட்டிலும் சொன்னேன். என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. எந்த இன்ஸ்பெக்டரை அழைப்பது என்று முடிவு செய்பவர் எலக்ட்ரீஷியன்தான். எனக்குத் தெரிந்த மூன்று எலக்ட்ரீஷியன்களிடம் இனி அவரை அழைக்காதீர்கள் என்றேன். மூவரும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சிவமலர் வேலை தேடி நகருக்கு வெளியே வெகுதூரம் வண்டி ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன். அப்போது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். உடம்பு சரியில்லை, சிகிச்சை நடக்கிறது, கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்ற வேண்டும், வீட்டில் போர்டும் பழசு, வந்து செய்து தர முடியுமா என்று கேட்டார். போனேன். பாதியாக இளைத்திருந்தார். மகள் கதவைத் திறந்து ஆங்கிலத்தில் வரவேற்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

“ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க. என்னை ஏன் கூப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“மற்ற ஆக்கள் பிழை விட்டா எனக்குச் சொல்லுவினமோ தெரியாது. நீங்கள் சொல்லுவியள். ஒருக்கா சூடு பட்டனீங்கள்.”

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் நின்று, மூன்று பேரிடம் நான் பேசியதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். “தெரியும் அண்ணை.”

“தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?”

“கேட்டு? பிறகு உங்களோட சண்டை பிடிக்கவேணும். எனக்கு ரோட்டில ஓடுற களைப்பே போதும்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலையைத் தொடங்கினேன். மூன்றாம் நாள் படிவம் எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியில் பேனா நின்றது. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பிளக்கைச் சோதித்தேனா என்று நினைவில்லை. எழுந்து போய்ச் சோதித்தேன். சரியாகத்தான் இருந்தது. சிவமலர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், அவரோடு பல காலம் பழகியவர். உன் வீட்டில் நான் என்ன பார்ப்பது என்று பேனாவை எடுத்தார். சிவமலர் கையைத் தூக்கித் தடுத்தார். போர்டின் மூடியைக் கழற்றச் சொல்லி, அவர் சோதித்து முடிக்கும்வரை படுக்கப் போகவில்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருந்தால் இரண்டு வார்த்தை கதைப்பார். “இண்டைக்கு எத்தினை வீடு?” என்பார். சொன்னால், “கூட அண்ணை. குறையுங்கோ” என்பார்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அந்த மூன்று எலக்ட்ரீஷியன்களையும் போனில் அழைத்து, சான்ட்ரிங்ஹாமில் நடந்ததை முழுவதும் சொன்னேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர், “இதை இப்ப சொல்லி யாருக்கு என்ன?” என்றார். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படிவத்தில் நினைவில்லாத வரி வந்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போகிறேன். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் போகிறேன். சிவமலரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. வைத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் என்னிடம் இருந்தது. அதை அவரை அறிந்த உங்கள் முன்னால் இறக்கி வைக்கிறேன். அந்த வீட்டில் கம்பியை மாற்றி இணைத்தவன் நான். சோதிக்காமல் ‘சரி’ என்று எழுதியவனும் நான். அந்தக் குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது.