முத்துப்பேச்சியின் நாலு வாக்கியங்கள்

உங்கள் ஊர் கிராம சபையில் தோட்டக் கூலிக்காரி ஒருத்தி எழுந்து நின்று வார்த்தை தேடித் தடுமாறினாளே, அப்போது நீங்கள் சிரித்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். சுருளிப்பட்டிக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஊரில் போன மே தினத்தன்று நூறு பேர் சிரித்தார்கள். எழுந்து நின்றவள் முத்துப்பேச்சி. வயது முப்பத்தெட்டு. திராட்சைக் கொத்து வெட்டி, அழுகல் பழத்தைக் கத்தரித்து எறிந்து, பெட்டியில் அடுக்குவது அவள் வேலை.

சொல்ல வந்தது சின்ன விஷயம். அவள் தெருவின் குடிநீர் போர்வெல்லை ஒட்டி முன்னாள் ஊராட்சித் தலைவர் ஈஸ்வரபாண்டியின் திராட்சைத் தோட்டம். கொடிக்குப் பூச்சிமருந்தடித்து முடித்ததும் அவருடைய ஆட்கள் டிரம்களைக் கழுவுவது அந்தப் போர்வெல் மேடையில்தான். கழுவிய தண்ணீர் அங்கேயே தேங்கி இறங்கும். ஏப்ரலில் அவள் மகள் திரிஷா, ஒன்பது வயதுப் பிள்ளை, வாந்தியெடுத்து மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிக் கிடந்தாள். தெருவில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு அதே பாடு. டிரம் கழுவுவதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அவள் அங்கே தொடங்கவில்லை. பெரிய வீட்டார் முன்னால் வாய் திறந்தால், தான் யார் பெற்ற பிள்ளை, அவர்கள் உப்பை எத்தனை காலம் தின்றவள் என்பதை முதலில் ஒப்பிக்க வேண்டும் என்று பழக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பழக்கத்தில் தொடங்கினாள். அப்பன் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது, அம்மா அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாவு இடித்தது, தன் கல்யாணத்துக்கு அவர் சேலை எடுத்துத் தந்தது. போர்வெல்லுக்கு வந்து சேரும் முன்பே முன்வரிசை நாற்காலியிலிருந்து ஈஸ்வரபாண்டி குரல் கொடுத்தார்.

"ஒங்கப்பன் எங்க வாசல்ல ஒரு நாளு நிமிந்து நின்னதில்ல. நல்ல மனுசன். ஒக்காருத்தா."

கூட்டம் சிரித்தது. டீ வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

கயிற்றை அவளே திரித்துக் கொடுத்தாள், அவர் கட்டிப்போட்டார். இதற்குக் கூச்சம், சபை நடுக்கம் என்று பெயர் வைத்து நகர்ந்துவிடுகிற அறிவாளிகள் நம்மிடம் உண்டு. எந்தக் குழந்தை கூச்சத்தோடு பிறந்தது? மூன்று தலைமுறை உட்காரச் சொல்லிச் சொல்லி ஊட்டிய நடுக்கம் அது.

மறுநாள் கொடிப் பந்தலுக்கு அடியில், கூட வேலை பார்க்கும் ஜெபஷீலா ஒரு வழி சொன்னாள். "மதினி, கோயில் பொங்கலுக்கு ஒனக்கு ஆத்தா அருள் வந்து, 'என் வாசல்ல குப்பையா'ன்னு கேட்டேல்ல? மறுநாளே அள்ளிட்டாக. அந்த ஈஸ்வரபாண்டியே ஒன் கால்ல விழுந்தாக. அதே மாதிரி ஆடிரு. எங்க ஏசப்பா ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டாரு."

முத்துப்பேச்சி கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "ஆத்தா சொன்னா குப்பைய அள்ளுவாக. தீர்மான நோட்டுல எழுத மாட்டாக. ஆத்தா மலையேறிட்டா டிரம்மு திரும்ப வந்துரும்டி."

பெண்ணுக்குச் சொந்த வாயை மறுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் சாமியின் வாயை இரவல் கொடுக்கிற ஊர் இது. அந்த இரவலை அவள் வேண்டாம் என்றாள். எந்தப் பகுத்தறிவு மேடையிலும் அவள் உட்கார்ந்ததில்லை. யோசித்தாள், அவ்வளவே.

அடுத்த மாதங்களில் பந்தலுக்கு அடியில் ஒத்திகை நடந்தது. ஜெபஷீலா காலிப் பெட்டியின் மேல் கால்மேல் கால் போட்டு ஈஸ்வரபாண்டி ஆனாள். "என்னத்தா, வெயில்ல மண்டை காஞ்சிருச்சா?" என்று குறுக்கே விழுவாள். முதலில் முத்துப்பேச்சி ஒவ்வொரு கேலிக்கும் பதில் சொன்னாள். பேச்சு வெயிலுக்கும் மண்டைக்கும் போய்ச் சேர்ந்து, போர்வெல் அநாதையாக நின்றது. பத்து நாள் தோற்ற பிறகுதான் பிடிபட்டது. கேலிக்குப் பதில் கிடையாது. அறுபட்ட வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வதுதான்.

வேண்டாததை வெட்டினாள். அப்பன் போனார். சேலை போனது. 'கோவிச்சுக்கிறாதீக' போனது. கிணற்றில் கருநாகம் செத்து மிதப்பதாக மாமியார் கண்ட கனவை வெட்டத்தான் மனசு வரவில்லை. அதை அவளே நம்பினாள். கடைசியில், "கனவுக்குத் தேதி கெடையாதுடி, டிரம் கழுவுனதுக்கு இருக்கு" என்று அதையும் எறிந்தாள். டிரம் கழுவுவதைப் பார்க்கும் நாளெல்லாம் காலண்டரில் குறித்து வைத்தாள். மிஞ்சியது நாலு வாக்கியம்.

ஆகஸ்டு பதினைந்து. கொடியேற்றி முடித்துக் கூட்டம் தொடங்கியது. முத்துப்பேச்சி எழுந்தாள். ஊட்டிய நடுக்கம் போய்விடவில்லை. நடுக்கத்தோடே பேசினாள்.

"எங்க தெரு போர்வெல் மேடையில மருந்து டிரம் கழுவுறாக. ஜூன் ஆறு, ஜூன் இருவது, ஜூலை பதினொண்ணு, மூணு நாளும் நான் கண்ணால பாத்தேன். ஏழு பிள்ளைக வாந்தியெடுத்துருக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு இந்தா இருக்கு. இனி அங்கன டிரம் கழுவக் கூடாதுன்னு தீர்மானம் போடணும்."

"ஏலே, திருநீறு எடுத்துட்டு வாங்கடா. பேச்சிக்கு ஆத்தா வந்துருச்சு" என்றார் ஈஸ்வரபாண்டி. சிரிப்பு எழுந்தது.

"ஆத்தா வரல. முத்துப்பேச்சிதான் பேசுறேன்." அப்புறம் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். அவர் அவள் அப்பனைப் பேச்சுக்கு இழுத்தார். அவள் முதல் வாக்கியத்துக்குப் போனாள். மூன்றாவது முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

ஊராட்சிச் செயலர் சுந்தர்ராஜ், பரிசீலிக்கலாம் என்று சொல்லித் தீர்மான நோட்டை நீட்டினார். எல்லாரும் முதலில் கையெழுத்துப் போடுவதும், தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக அவர் எழுதிக்கொள்வதும் அந்த ஊர் வழக்கம். தாள் வெறுமையாக இருந்தது. முத்துப்பேச்சி பேனாவை வாங்கவில்லை.

"எழுதி, வாசிங்க. பெறகு போடுறோம்."

பெண்கள் யாரும் வாங்கவில்லை. அத்தனை கையெழுத்து குறைந்தால் கூட்டமே செல்லாது. சுந்தர்ராஜ் எழுதினார். எழுந்து நின்று வாசித்தார்.

இதை வெற்றிக் கதையாக்கிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறுநாளே ஈஸ்வரபாண்டியின் பங்காளிகள் தோட்டங்களில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். இப்போது விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு மலை ஏறி, ஏலக்காய் எடுக்கப் போகிறாள். டிரம்களை அவர் தன் வேலிக்குள்ளேயே கழுவிக்கொள்கிறார். திரிஷா இப்போது வாந்தியில்லாமல் போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி உங்கள் ஊரிலும் கூட்டம் உண்டு. போங்கள். வெறும் தாளோடு நோட்டு உங்கள் முன்னால் வந்தால் பேனாவைத் தொடாதீர்கள். எழுதச் சொல்லுங்கள், எழுதியதை எல்லார் காதிலும் விழ வாசிக்கச் சொல்லுங்கள்.