இன்ஷிராஹ் வீட்டு ஃபிரிட்ஜ்

தவ்ஹீதாவின் வலது கண்ணில் இன்றும் ஒரு வெள்ளைத் தழும்பு நிற்கிறது. யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் கண் புண்ணாகிக் கிடந்த நாட்களைப் போல நல்ல நாட்கள் தன் வாழ்க்கையில் குறைவு என்பாள்.

நெல் அடிக்கும்போது வைக்கோல் துரும்பு குத்தியது. ஊர் வழக்கப்படி வெங்காயச் சாற்றில் குழைத்த கண்மையைத் தீட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கருவிழியில் வெள்ளை விழுந்து வெளிச்சமே ஆகாமல் போன பிறகுதான் கணவன் மித்வல்லி அவளை மன்சூரா நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் புண்ணைச் சுரண்டிப் பரிசோதித்தார். கிருமி உள்ளே இறங்கிவிட்டது என்றார், கண்மைக்காகக் கண்டபடி திட்டினார். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை அங்கேயே கலந்து கொடுத்தார். இரவு பகல் பாராமல் மணிக்கொரு தரம் விட வேண்டும், குளிரில் வைக்க வேண்டும், வலி நின்றதென்று நிறுத்தினால் கண் போய்விடும்.

தெருவில் ஃபிரிட்ஜ் இருந்தது ஒரே வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம், மித்வல்லியின் அண்ணன் மனைவி இன்ஷிராஹ் வீட்டில். இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சில்லை. இன்ஷிராஹ் ஒருநாள் தவ்ஹீதாவின் வாத்துகளை வாய்விட்டு எண்ணினாள். அந்த வாரமே வாத்துகள் செத்தன. கண் வைத்துவிட்டாள் என்று தவ்ஹீதா ஊரைக் கூட்டினாள். இப்போது அதே வாசலில் மருந்துப் புட்டியோடு நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என் கண்ணு பொல்லாததுன்னு ஊரெல்லாம் சொன்ன. இப்ப உன் கண்ணையே என்கிட்ட கொண்டாந்திருக்க. உள்ள வாடி."

இரவும் அங்கேயே படுத்தாள். இன்ஷிராஹ்தான் இமையைப் பிரித்துச் சொட்டு விட்டாள், எரிகிறது என்றால் ஏசினாள். அடுத்த சொட்டு வரைக்கும் முலூகியா கீரை ஆய்ந்துகொண்டே இருவரும் மாமியாரைத் திட்டித் தீர்த்தார்கள். வலி அடங்கியதும் தவ்ஹீதா வீடு திரும்பி மருந்தை மறந்தாள். இன்ஷிராஹ் புட்டியோடு வந்து நின்றாள்.

"வலி போனா கிருமியும் போயிடுச்சா? தலையைச் சாய்."

கண் பிழைத்தது.

பிற்பாடு மகன் குவைத்திலிருந்து வந்து ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி வைத்தான். தவ்ஹீதா அதில் போர்வைகளை மடித்து அடுக்கினாள். மித்வல்லி தலையிலடித்துக்கொண்டான். அவளோ மாலையானால் வெண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் உள்ள வை."

புது ஃபிரிட்ஜ் வந்தது இன்ஷிராஹ்வுக்குத் தெரியும். ஒருநாளும் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் இன்ஷிராஹ் போய்ச் சேர்ந்தாள். துக்கம் முடிந்ததும் தவ்ஹீதா போர்வைகளை வெளியே எடுத்தாள், ஃபிரிட்ஜைத் துடைத்து ஓடவிட்டாள், வெண்ணெய்க் கிண்ணத்தை உள்ளே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.