கச்சான் தோட்டத்தில் ஓடிய படம்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் தலைமைத்துவப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் பலகையில் இரண்டு வகைத் தலைவர்களை வரைந்தார். ஒருவர் கையை நீட்டி ஆணையிடுகிறார், மற்றவர் ஆட்களோடு சேர்ந்து கயிறு இழுக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாமவர் கையில் குடையும் வாயில் விசிலும் வரைந்தால் அச்சு அசல் என் அப்பா.

அப்பாவை நான் அப்படிப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. மலைநாட்டிலிருந்து வந்து வட்டக்கச்சியில் ஒண்டியிருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஊர்க்காரர் ஒருவர் தன் கச்சான் தோட்டத்தில், அதாவது நிலக்கடலைத் தோட்டத்தில், செடி பிடுங்கித் தரும் வேலையை அப்பாவிடம் ஒப்படைத்தார்.

"வெள்ளிக்கு முன்னம் முடிச்சுத் தாங்கோ. மழை விழுந்தா கச்சான் மண்ணுக்குள்ளயே முளைச்சுப் போடும்."

முடித்துக் கொடுத்தால் அவருடைய கிணற்றடிக் காணித் துண்டில் நாங்கள் வீடு போட்டுக்கொள்ளலாம். அதுவரை மாமாவின் கொட்டிலில் ஒரு மூலைதான் எங்கள் வீடு. புதுக் காணியில் முருங்கையை எங்கே நடுவது என்றுகூட அம்மா முடிவு செய்துவிட்டார்.

தோட்டத்தின் நடுவே ஒரு வண்டிப் பாதை ஓடியது. ஒரு பக்கம் அப்பா பொறுப்பு, மறுபக்கம் அம்மா. ஆளுக்குப் பத்துப் பேர்.

அப்பாவின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அதனால் ஆள் நடத்துவது தன் இரத்தத்தில் ஊறியது என்பது அப்பாவின் நம்பிக்கை. தொடங்க ஒரு விசில், தேநீருக்கு இரண்டு விசில். பேச்சு கூடாது, கச்சானை வாயில் போடவும் கூடாது. அம்மாவோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் வரிசையில் இறங்கினார். "மொதல்ல வேணுங்கற அளவு தின்னுட்டு ஆரம்பிங்க" என்றார். அரை மணி நேரம் எல்லோரும் தின்று தெவிட்டிப்போய், பிறகு ஒருவரும் கச்சானைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா பக்கத்தில் நாள் முழுக்க மடியில் ஒளித்து ஒளித்துத் தின்றார்கள். ஆனாலும் முதல் நாள் மாலை அப்பா பக்கம்தான் நாலு வரிசை முந்தியிருந்தது. அன்று அவர் நடையே வேறு.

மறுநாள் அம்மா, எல்லோரிலும் வேகமான கையுடைய சித்தியை முன்னே விட்டு, முன்பு மலைநாட்டில், ஹட்டனில் பார்த்த படம் ஒன்றைச் சொல்லச் சொன்னார். ஊரில் மின்சாரம் இல்லாத காலம், படம் என்றால் யாராவது சொல்லிக் கேட்பதுதான். பின்தங்கினால் கதை காதில் விழாது. ஆகவே ஒன்பது பேரும் சித்தியின் முதுகைத் துரத்திக்கொண்டு பிடுங்கினார்கள்.

"அங்க என்னா சிரிப்பு? போயி பாத்துட்டு வா" என்று அப்பா என்னை உளவு பார்க்க அனுப்பினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போய் உட்கார்ந்து கதை முழுவதையும் கேட்டேன். கிளம்பும்போது அம்மா, "இத அப்பாகிட்ட சொல்லிறாத" என்று கன்னத்தைக் கிள்ளினார். நான் நேரே ஓடிவந்து சொல்லிவிட்டேன்.

"அந்தப் புள்ள ரயில் ஏறிருச்சுப்பா."

"எந்தப் புள்ள?"

முதலிலிருந்து சொன்னேன். பத்துப் பேரும் கேட்டார்கள். அப்பா விசிலை மறந்தே போனார். "ஸ்டேசனுக்கு அவன் வந்தானா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப போயி பாரு."

வியாழக்கிழமை வானம் கறுத்தது. அப்பாவின் ஆட்கள் கதை கேட்பதற்காகப் பாதைப் பக்கமே ஒதுங்கி ஒதுங்கிப் பிடுங்கியிருந்தார்கள். தூரத்து மூலை அப்படியே கிடந்தது. அப்பா அந்த மூலையையும் வானத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஓங்கி ஒரு விசில் அடித்தார். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கும் நேரம் அது. இரண்டு பக்கமிருந்தும் இருபது பேர் ஒன்றாக ஏசினார்கள்.

அப்பா விசிலைப் பைக்குள் போட்டார், குடையை மடக்கினார், பாதையைத் தாண்டி அம்மாவிடம் போனார். "ஒன் தங்கச்சிய இந்தப் பக்கம் கூட்டிட்டு வா. நானும் பிடுங்குறேன்."

இருபது பேரும் சித்தியின் பின்னால் ஒரே அணியாக நகர்ந்தார்கள். சித்திக்கு அடுத்த ஆள் அப்பாதான். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதும் கடைசிச் செடி கையோடு வந்தது. குவியலைத் தறப்பாளால் மூடி முடிக்கவும் மழை கொட்டியது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஆடினார். அவ்வளவு சந்தோசமாக நாங்கள் நனைந்ததே இல்லை. விசில்தான் வேலையை முடித்தது என்று அவர் பிறகு ஒரு வருடம் வாதாடினார், புது வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு.

பயிற்சி முடிந்த அன்று சித்திக்குத் தொலைபேசி எடுத்து அந்தப் படத்தின் பெயரைக் கேட்டேன். அப்படி ஒரு படமே இல்லையாம். தினமும் காலையில் கிணற்றடியில் அம்மாதான் அன்றைய பங்கைச் சொல்லிக் கொடுப்பாராம். "கல்யாணத்த மட்டும் கடைசிச் செடிக்கு வச்சுக்க" என்றாராம்.

"அப்பாவுக்குச் சொல்லாதன்னு ஒங்கம்மா ஒங்கிட்ட சொன்னதே, நீ ஓடிப்போய்ச் சொல்லணும்னுதான்" என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பாவின் உளவாளி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த வண்டிப் பாதையை எத்தனை தடவை தாண்டியிருப்பேன். அம்மாவிடம் வேலை செய்த பதினோராவது ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியவே இல்லை.