பாய் விரித்து ஒரு நாள்

விபத்தில் இரண்டு விரல் மடங்காமல் போன வலது கையோடு தையல் மெஷினை ஜெயித்தாள். முப்பது வயதுக்கு மேல் நீச்சலை ஜெயித்தாள். ‘பொம்பளைக்கு இங்க என்ன வேலை?’ என்று கேட்ட படகு முதலாளியிடமே, கயிறு கட்டவும் தளம் கழுவவும் ஒரு வேலையை வாங்கி ஜெயித்தாள். இத்தனைக்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஒல்லி உடம்பு, கூரான நாக்கு. துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் ‘ஊசி’.

அவளுடைய அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். தங்கையின் படகில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, மற்றவர்களைப் போலவே டிக்கெட் வாங்கி ஏறினாள். கரையில் பெரிய போர்டு இருந்தது: ‘பாய் விரித்து ஒரு நாள் கடல் உலா! சத்தமில்லாப் பயணம்!’

படகு கிளம்பியது. இன்ஜின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பாய்மரம் மொட்டையாக நின்றது. தளத்தில் ஆறு பிளாஸ்டிக் பாய்கள் வரிசையாகக் கிடந்தன.

வெற்றிலைக் காவிப் பல்லோடு ஒரு பெரியம்மா முதலில் கேட்டாள். “ஏம்ப்பா, பாய் விரிச்சுப் போவோம்னு போட்டிருந்துச்சே?”

“விரிச்சிருக்கோமேம்மா. கீழ பாருங்க” என்றார் சுக்கான் பிடித்திருந்த முதலாளி.

“அடப்பாவி! தலகாணி தனிக் காசா?” என்றார் அவள் புருஷன். படகே சிரித்தது.

“சத்தமில்லாப் பயணம்னு போட்டிருக்கே, அது?”

“நான் ஏதாவது சத்தம் போட்டனா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. படகைத் திருப்பச் சொன்னார்கள். பணத்தைக் கேட்டார்கள். முதலாளியின் கழுத்து வியர்த்தது.

அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். போன மழைக்காலத்தில் பாய் கிழிந்தபோது முதலாளி அதைக் குப்பையில் போடச் சொன்னார். ஊசி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். இரண்டு அறையையும் நிறைத்து, அடுப்படி வாசல் வரை கிடந்தது அது. அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதன்மேலேயே படுத்தார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் மடிப்பை அக்கா இஸ்திரி வைத்து அழுத்திக் கொடுப்பாள்; மெழுகு தேய்த்த நூலால் ஊசி இரட்டை வரியாகத் தைப்பாள். தைத்து முடித்த பாய் இப்போது படகின் முன்னறையில் மூட்டையாகக் கிடந்தது. ஏற்றத்தான் முதலாளிக்குத் துணிச்சல் இல்லை.

“அண்ணே, இன்னைக்கு ஏத்திடலாம்” என்றாள் ஊசி.

“ஒட்டுப்போட்ட பாய். நடுவுல கிழிஞ்சா, இவங்க என்னைக் கிழிச்சுடுவாங்க.”

“இப்ப மட்டும் கொஞ்சுறாங்களா? கிழிஞ்சா நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல. போதுமா?”

அந்த வேலைக்காக இவள் எத்தனை நாள் நடையாய் நடந்தாள்! “அடியே, வாய விடாத” என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீ இஸ்திரி போட்டதுதானேக்கா? உனக்கே நம்பிக்கை இல்லையா?”

முதலாளி படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். ஊசி கயிற்றைப் பிடித்தாள். தலகாணி கேட்ட பெரியப்பாவும் வந்து இழுத்தார். வெளுத்த துணி, நடுநடுவே நீல ஒட்டுகளோடு, உதறிக்கொண்டே மேலே போனது. முதலாளி படகைத் திருப்ப, காற்று ஒரே மூச்சில் புகுந்தது. தையல்கள் கறகறவென்று முனகின. அக்கா கடலைப் பார்க்கவில்லை. பெரிய ஒட்டின் கீழ்ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் இறுகியது. அறுபடவில்லை.

முதலாளி இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் படகை உரசும் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. சண்டை போட்டவர்கள் எல்லாம் கீழே கிடந்த பாய்களில் சாய்ந்து, மேலே விரிந்த பாயை அண்ணாந்து பார்த்தார்கள். சாயங்காலம் கரை சேரும் வரை ஒரு இழை பிரியவில்லை. இறங்கும்போது பெரியம்மா ஊசியின் மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டாள். “உனக்காக வுட்டேன், இல்லாட்டி அந்தாளை இன்னைக்கு உண்டு இல்லன்னு பண்ணியிருப்பேன்.”

கூட்டம் கலைந்ததும் முதலாளி பாயின் மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தைச்சவங்க ஓரத்துல பேரு போடுவாங்க. நீ போடலியே?”

“எனக்கு எங்க எழுதத் தெரியும்? கைநாட்டுதான்.”

“பாய்ல கைநாட்டு வெச்சா கறைன்னு நெனைப்பாங்க. பேரைப் போடு. இனிமே பாய் உன் பொறுப்பு. பொறுப்புன்னா சம்பளமும் வேற.”

அக்கா கடையிலிருந்து சாக்குக்கட்டி கொண்டுவந்து எழுதிக் கொடுத்தாள். ஊசி என்ற பட்டப்பேரை அல்ல, அம்மா வைத்த பேரை. தங்கை அந்தக் கோட்டின்மேல் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டே போனாள். இரண்டாவது எழுத்தின் சுழி கோணிவிட்டது என்று பிரித்து மறுபடி தைத்தாள். முடித்ததும் தள்ளி நின்று பார்த்தாள்.

“இதான் நானா?” என்றாள்.

“நீயேதான். கையெழுத்துன்னா கீழ தேதி வேணும்டி.”

அதையும் தைத்தாள்: 23.3.2014.